ஐந்தாம் வளைவில் வேம்பன்

செண்பகவல்லிக்குச் சாவதுதான் வேலை. கோவையில், பழைய மோட்டார் பட்டறை ஒன்றை இடித்துக் கட்டிய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் காலை ஒன்பதரைக்கு வந்து உட்காருவாள். மாலை ஆறு மணிக்குள் நாற்பது தடவையாவது செத்திருப்பாள். பாறை உருண்டு சாவாள், பாலம் அறுந்து சாவாள், புலி அடித்துச் சாவாள். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘நியாயமான சாவு’ அல்லது ‘அநியாயமான சாவு’ என்று எழுதிக் கொடுப்பாள். விளையாடுகிறவர் “என் தப்புதான்” என்று தலையில் அடித்துக்கொண்டால் நியாயமானது. திரையை அடிக்கத் தோன்றினால் அநியாயமானது. பதினான்கு வருஷமாக இதே வேலை. கோவில்பட்டியில் இருக்கும் அவள் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கும் முயற்சியை அவள் எப்போதோ கைவிட்டிருந்தாள்.

அவள் சோதித்துக்கொண்டிருந்த கணினி விளையாட்டின் பெயர் ‘ஏழு வாசல் மலை’. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு சகோதரர்கள் வீட்டில் உட்கார்ந்து உருவாக்கியது. ஒரு பயணி, ஒரு வழிகாட்டி, ஏழு மலைவாசல்கள். வாசலுக்கு ஒரு கல்விளக்கு. விளக்கை ஏற்றினால்தான் அதுவரை நடந்த பயணம் சேவ் ஆகும்; செத்தால் அங்கிருந்து தொடரலாம். நினைத்த இடத்தில் நிறுத்தி வைத்துக்கொள்ள முடியாது. புது விளக்கை ஏற்றினால் பழையது அழிந்துவிடும். இரண்டு விளக்குக்கு நடுவில் செத்தால், நடந்த இரண்டு மணி நேரமும் போச்சு. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கிற பேச்சே கிடையாது. விளையாடியவர்களில் பாதிப்பேர் மூன்றாம் வாசலைத் தாண்டியதில்லை. ஏழையும் தாண்டியவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை இன்றுவரை நிறுத்தியதில்லை. வல்லி தாண்டியவள்.

அந்த விளையாட்டின் உரிமையை வாங்கி மறுபடி உயிர் கொடுத்தவள் மரகதம். ஐம்பத்திரண்டு வயது. பழைய விளையாட்டில் மனிதர்கள் நாலு வரி பேசிவிட்டு நிற்பார்கள். புதியதில் அவர்களுக்கு மனம் இருந்தது. கற்றுக்கொள்ளும், பழகும், பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லும் மனம். விளையாடுகிறவர் மைக்கில் வாயால் பேசினால் போதும். அந்த மனங்களை உருவாக்கியவன் அருளப்பன். திண்டுக்கல்காரன், நாற்பது வயது, சிரிக்காமல் நகைச்சுவை சொல்பவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அருளப்பனின் மேஜைக்கு வல்லி எழுந்து போனாள்.

“அருளு, வேம்பன் வரமாட்டேங்கான்.”

வேம்பன்தான் வழிகாட்டி. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைப் பயணியின் இடுப்பில் கட்டி, முன்னால் நடப்பவன். ஐந்தாம் வாசலுக்குக் கீழே ஒரு வளைவு உண்டு; ஐந்தாம் வளைவு என்பார்கள். ஒற்றைக்கால் அகலத்தில் பாறை. அதைத் திரும்பும்போது கல்புலி பாயும். அரை நொடிக்குள் ஒதுங்க வேண்டும். தவறினால் கயிற்றோடு இரண்டு பேருமே பள்ளத்தில். ஒவ்வொரு முறை எதையாவது திருத்தும்போதும் வல்லி அங்கே போய் விழுந்து பார்த்திருக்கிறாள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தடவை என்று இயந்திரம் கணக்கு வைத்திருந்தது.

அருளப்பன் வந்து பார்த்தான். திரையில் வேம்பன் வளைவுக்குப் பத்தடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

வல்லி மைக்கில் கேட்டாள். “என்ன வேம்பா, நடக்கலியா?”

“அந்தப் பக்கம் வேண்டாம் தாயி.”

“ஏன்?”

“தெரியல.” அவன் தன் கால்களைக் கையால் தடவினான். “கால் போகமாட்டேங்குது. அங்க என்னமோ இருக்கு.”

“அங்க நீ போயிருக்கியா?”

“இல்ல தாயி. இதுதான் முதத்தடவை.”

அருளப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். விசைப்பலகையை இழுத்து வேம்பனின் பதிவுகளைத் தேடிப் பார்த்தான்.

“இது நான் எழுதினதில்ல வல்லி” என்றான் கடைசியில்.

“பின்ன?”

“நீ செத்ததும் என்ன ஆகுது? பழைய விளக்குக்குத் திரும்புற. மலை திரும்புது, புலி திரும்புது, உன் பையில இருக்கிற அரிசி திரும்புது. உலகத்தை அப்படியே பழைய இடத்துல எடுத்து வச்சிடுறோம். ஆனா இவங்க மனசு இருக்கு பாரு, அது ரொம்பப் பெரிசு. ஒவ்வொரு தடவையும் அதைப் படி எடுத்து வைக்க எந்த மெஷினுக்கும் இடம் பத்தாது. அதனால மனசை நான் திருப்பலை. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. நடந்தது தெரியாம இருக்க நடுவுல ஒரு திரையை மட்டும் போட்டிருக்கேன்.”

“திரை போட்டா மறந்திருக்கணும்லா?”

“மறந்துட்டான். அதான் முதத்தடவைங்கிறான்.” அருளப்பன் திரையில் இருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தான். “நீ சைக்கிள் பழகுனப்ப எங்க எங்க விழுந்தேன்னு ஞாபகம் இருக்கா? இருக்காது. ஆனா உடம்பு மறந்துச்சா?”

ஆயிரம் தடவைக்கு மேல் செத்தவள் வல்லி. எல்லாச் சாவும் தன் கணக்கில்தான் என்று நினைத்திருந்தாள். கயிற்றின் மறுமுனையில் இருந்தவனை அவள் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

*

வியாழக்கிழமை மரகதம் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். வெளியீட்டுக்கு இரண்டு மாதம் இருந்தது.

“ஏழு விளக்கு அப்படியே இருக்கட்டும்” என்றாள். “ஆனா அதோட, நெனச்ச எடத்துல சேவ் பண்ணிக்கிற வசதியும் வேணும். ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணு பண்ணிக்கிட்டாலும் சரி.”

வல்லி எழுந்து வேம்பனைப் பற்றிச் சொன்னாள். செத்தால் மட்டும் திரும்புவதற்கே இந்தப் பாடு என்றால், அடிக்கு அடி திரும்பிப் போனால் அந்த மனங்கள் என்ன ஆகும் என்று கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். “அதுவும் போக, கஷ்டம் இருந்தாத்தானக்கா அது ஏழு வாசல் மலை. கஷ்டப்பட்டு ஏறுதவனுக்குத்தான் உச்சி” என்று சேர்த்துச் சொன்னாள்.

மரகதம் மேஜைக்குக் கீழே வைத்திருந்த இரண்டு கைகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அவள் அதை இப்படி எடுத்து வைத்ததில்லை.

“இருபத்தோரு வயசுல வந்துது அம்மிணி. நரம்புங்கறாங்க, மருந்துக்கு அடங்காதுங்கறாங்க. நான் பழைய வெளையாட்டுல ரெண்டாவது வாசலத் தாண்டுனதில்ல. முப்பது வருசமாத் தாண்டுனதில்ல. அரை நொடிக்குள்ள பொத்தான அமுத்தோணும்னா என்ற கைக்கு அது ஆகுமா? உச்சில என்ன இருக்குதுன்னு நான் இன்னி வரைக்கும் யார்கிட்டயும் கேக்கல. நானே பாக்கோணும்னு. நான் படற கஷ்டம் உன்ற கஷ்டத்தவிடக் கொறச்சலா? அப்பறம் எனக்கு ஏன் உச்சி இல்ல?”

வல்லி உட்கார்ந்தாள். பதினான்கு வருஷமாக நியாயமான சாவு எது, அநியாயமான சாவு எது என்று பிரித்து எழுதியவளுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றியதே இல்லை.

அருளப்பன்தான் நடுவில் வந்தான். “ஒரு தடவை சோதிச்சுப் பாத்துருவோங்க்கா. தனியா ஒரு பிரதி எடுக்குறேன். தானா விளையாடுற இயந்திரத்தை உள்ள விடுறேன். அடிக்கு அடி சேவ், அடிக்கு அடி திரும்புதல். சாயங்காலம் பார்ப்போம்.”

சாயங்காலத்துக்குள் இயந்திரம் நாற்பதாயிரம் தடவை திரும்பியிருந்தது. பிறகு வல்லி உள்ளே போனாள்.

அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் உண்டு. பயணி நுழைந்ததும் கிணற்றடிப் பெண் “தண்ணி குடிச்சிட்டுப் போறது” என்பாள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவருவார்கள். அன்றைக்கு எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கிணற்றடிப் பெண் இடுப்பில் குடத்தோடு சுவரைப் பார்த்து நின்றாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. வல்லி ஒரு கதவைத் தள்ளினாள். கட்டிலுக்கு அடியில் ஒரு சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள்.

“ஏன்ம்மா ஒளிஞ்சிருக்க? யார் என்ன செஞ்சா?”

“யாரும் ஒண்ணும் செய்யல.”

“பின்ன ஏன்?”

சிறுமி முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “நீங்க வந்தா எல்லாம் இல்லாமப் போயிரும்னு தோணுது” என்றாள். “எதுன்னு தெரியல.”

வல்லியின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மரகதம் மெதுவாக, “நிறுத்துங்க” என்றாள். “வெளிய வந்துருங்க.”

*

அந்தப் பிரதியை என்ன செய்தாய் என்று மறுநாள் வல்லி கேட்டாள். அருளப்பன் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

“ஓடிக்கிட்டிருக்கு. நிறுத்திடலாம்னு போனேன், கை வரல. யாரையும் உள்ள விடாம வச்சிருக்கேன். சும்மா இருக்கட்டும்னு.”

மூன்று வாரம் கழித்து அவனே வந்து சொன்னான். அந்த ஊரில் கதவுகளைத் திறந்துவிட்டார்களாம். கிணற்றடியில் பேச்சுச் சத்தம் கேட்கிறதாம். அதற்குப் பிறகும் அவன் யாரையும் அங்கே விடவில்லை.

ஆனால் அது பின்னால் நடந்தது. சோதனைக்கு அடுத்த நாள் மரகதம் தன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வல்லியும் அருளப்பனும் உள்ளே போனார்கள். அடிக்கு அடி சேவ் என்ற யோசனையைக் கைவிட்டுவிட்டதாகச் சொன்னாள். யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் வல்லிக்குத் தாங்கவில்லை.

“அக்கா, நீங்க ஒருதடவை விளையாடுங்க.”

“எதுக்கு? ரெண்டாவது வாசல்ல விழுகறதுக்கா?”

“பழைய மாதிரியே. ஏழு விளக்கு மட்டும். ஆனா என்கூட வந்த வேம்பனைக் கூட்டிட்டுப் போங்க. அருளு, அந்த மறதித் திரையை எடுத்துரு.”

அருளப்பன் திடுக்கிட்டான். “எடுத்தா அத்தனையும் அவனுக்கு ஞாபகம் வந்துரும். ஆயிரத்துச் சொச்சம் சாவு. என்ன ஆவான்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

“எனக்கும் தெரியல. ஆனா அவன் உடம்பு மட்டும் பயந்துகிட்டிருக்கு, எதுக்குன்னு அவனுக்கே தெரியாம. அது அதவிட மோசமில்லையா?”

திரையை எடுத்தார்கள். முதல் விளக்கடியில் வேம்பன் வெகுநேரம் அசையாமல் நின்றான். பிறகு கீழே உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து, மரகதத்தின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். முன்பெல்லாம் ஒரு தடவைதான் இழுப்பான்.

தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மரகதம் விளையாடினாள். முதல் நாள் ஆறு தடவை விழுந்தாள். இரண்டாம் நாள் மூன்று. வல்லி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. நான்காம் நாளே வேம்பன் மரகதத்தின் வலப்பக்கமாக மாறி நடக்க ஆரம்பித்திருந்தான். வலக்கையில்தான் அவளுக்கு நடுக்கம் அதிகம்; அந்தப் பக்கம் ஒதுங்குவதில் பயணி தாமதிப்பதை அவன் கவனித்திருந்தான். பாறை உருளும் இடங்களில் முன்கூட்டியே நின்றான்.

“நான் மூணு எண்ணுவேன் தாயி. மூணுக்கு நகருங்க. ஒண்ணு...” என்பான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் அவன் விடும் இடைவெளி நாளுக்கு நாள் மாறியது. மரகதத்தின் விரல் பொத்தானுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவுக்கு அவன் எண்ணிக்கை நீண்டது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அருளப்பன் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்க ஆரம்பித்தான். மூன்றாம் வாசலை மரகதம் தாண்டியபோது மாடி முழுக்க வேலை நின்றிருந்தது.

எட்டாம் நாள் ஐந்தாம் வளைவு.

வேம்பன் பத்தடி முன்னால் நின்றான். குனிந்து தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

“என்ன பண்றான்?” மரகதம் திரும்பி வல்லியைப் பார்த்தாள். “உட்டுட்டுப் போறானா?”

வல்லிக்கும் அப்படித்தான் தோன்றியது. வேம்பன் அவிழ்த்த கயிற்றைச் சுருட்டி மரகதத்தின் கையில் கொடுத்தான். “நீங்க இங்கயே நில்லுங்க” என்றான். தனியாக வளைவுக்குள் நடந்தான். புலி பாய்வதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் முழங்காலை மடக்கிப் பாறையோடு பாறையாகப் படிந்தான். புலி அவன் தலைக்கு மேலாகப் பாய்ந்து வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் போனது. அதன் உறுமல் கீழே கீழே போய்த் தேய்ந்தது.

முப்பத்தைந்து வருஷத்தில் அந்த வளைவை அப்படித் தாண்டியவர்கள் கிடையாது. அப்படித் தாண்ட முடியும் என்பது அதை உருவாக்கிய சகோதரர்களுக்கே தெரிந்திருக்காது.

வேம்பன் திரும்பி வந்து கயிற்றைக் கட்டினான். “வாங்க தாயி. இப்ப வழி சும்மாத்தான் இருக்கு.”

*

பதினோராம் நாள் காலை பதினொன்றே காலுக்கு மரகதம் உச்சிக்குப் போனாள். பழைய விளையாட்டில் உச்சியில் ஒரே ஒரு நீலக்கோடு தெரியும். அந்தக் காலத்து இயந்திரத்தில் அவ்வளவுதான் வரைய முடிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்து வல்லி பதினாறு வயதில் அழுதிருக்கிறாள். இப்போது அங்கே கடல் இருந்தது. மேகத்துக்குக் கீழே, வெயிலில், விளிம்பே இல்லாத கடல். மரகதம் கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கை நடுங்குவதை அவளே கவனிக்கவில்லை.

ஏழாம் விளக்கை ஏற்றப் போகும்போது வேம்பன் பேசினான்.

“தாயி, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க வந்தாங்க. அந்த வளைவுல விழுந்தாங்க. மறுபடி வந்தாங்க, மறுபடி விழுந்தாங்க. எத்தனை தடவைன்னு எனக்கு எண்ணத் தெரியல. கயித்தோட என் கண்ணு முன்னாடியே கீழ போவாங்க. கையை நீட்டுவேன், எட்டாது.” அவன் கடலைப் பார்த்தபடி நின்றான். “அவங்க நல்லாருக்காங்களா?”

வல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் உயிருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் அவளும் அருளப்பனும் நினைத்திருந்தார்கள். அவன் பயந்தது அவளுக்காக; கூடவே தானும் விழுந்ததை அவன் எண்ணவே இல்லை.

மரகதம் மைக்கை வல்லியின் பக்கம் நகர்த்தினாள். வல்லி குனிந்து அதில் பேசினாள்.

“நான்தான் வேம்பா. நல்லாருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரு தடவைகூட வலிக்கல.”

வேம்பன் குரல் வந்த திசையில் தலையைத் திருப்பினான். “நெசமாவா?”

“நெசமா.”

“சரி தாயி” என்றான். விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து அவன் அப்படிப் பெருமூச்சு விட்டு யாரும் பார்த்ததில்லை.

அருளப்பன் குனிந்து மரகதத்திடம் மெதுவாகச் சொன்னான். “அக்கா, வெளியீட்டுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணணும். எல்லாத்தையும் மறந்த புது வேம்பனை அனுப்பலாம். இல்ல இவனையே, இப்படியே பிரதியெடுத்து அனுப்பலாம். இவன் போனா கை நடுங்குறவங்களும் ஏறுவாங்க. ஆனா விழுந்ததெல்லாம் அவன்கூடவே போகும். எத்தனை பேர் வாங்குறாங்களோ அத்தனை வேம்பனுக்கும் இந்த ஞாபகம் இருக்கும்.”

“அத நாம எப்பிடி முடிவு பண்றதுங்க?” என்றாள் மரகதம். “அவன்கிட்டத்தானே கேக்கோணும்?”

கேட்டாள். இன்னும் நிறையப் பேர் வரப்போகிறார்கள் என்றும், எல்லாரோடும் அவன்தான் நடக்கப்போகிறான் என்றும் சொன்னாள். வேண்டுமானால் நடந்ததை எல்லாம் அவன் மறந்துவிடலாம், அது அவன் இஷ்டம் என்றும் சொன்னாள்.

“அவங்களும் விழுவாங்களா?” என்று கேட்டான் வேம்பன்.

“விழுவாங்க சாமி.”

“அப்ப மறந்தா எப்படி?” என்றான்.

மரகதம் விளக்கை ஏற்றினாள்.

*

விளையாட்டு அப்படியே வெளிவந்தது. ஏழு விளக்கு, ஒரே வேம்பன். முதல் வாரத்திலேயே கடிதங்கள் குவிந்தன. அவற்றைப் படிப்பது வல்லியின் வேலையானது. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எழுதினார்கள். கண் தெரியாத ஒருவர் எழுதினார். பழைய ஆட்கள் ஐந்தாம் வளைவில் வழிகாட்டி கயிற்றை அவிழ்க்கிறான், இது பிழை, உடனே திருத்துங்கள் என்று எழுதினார்கள். அதற்கெல்லாம் பிழை இல்லை என்று ஒற்றை வரியில் பதில் போட்டாள்.

சிங்கம்புணரியிலிருந்து வந்த ஒன்றுக்கு மட்டும் அவளால் உடனே பதில் எழுத முடியவில்லை.

‘மதிப்பிற்குரியவர்களுக்கு, பழைய ஏழு வாசல் மலையை நான்கு முறை முடித்தவன் நான். புதியதை எளிதாக்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டு, திட்டுவதற்காகவே வாங்கினேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். பழையதில் ஐந்நூறு தடவை செத்திருப்பேன், ஒரு பொருட்டே இல்லை. இதில் இரண்டாம் வாசலில் என் அவசரத்தால் இரண்டு தடவை செத்தேன். மூன்றாம் தடவை போனபோது அந்த ஆள் என் இடுப்புக் கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். அதற்கு மேல் என்னால் அவசரப்பட முடியவில்லை. நேற்று ஒரு பாறைக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கடினமான விளையாட்டை ஆடியதில்லை. இதன் கஷ்டத்தைக் குறைக்க ஏதாவது வழி இருக்கிறதா?’

வல்லி நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தாள். கடைசியில் இப்படி அனுப்பினாள்:

‘இல்லை ஐயா. மெதுவாகப் போங்கள்.’